மனு முதல் வங்கிக் கணக்கு வரை

கொல்கத்தாவின் தென்பகுதியான பவானிபூரில் ஹரிஷ் முகர்ஜி சாலை என்றொரு சாலை உண்டு. 'இந்து பேட்ரியட்' இதழின் ஆசிரியராக விளங்கிய ஹரிஷ் சந்திர முகர்ஜியின் பெயரைத் தாங்கி நிற்பது அது. அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமைக்கு ஆளான வங்க உழவர்கள் 1860-ஆம் ஆண்டையொட்டி அவரது பவானிபூர் இல்லத்தை நாடி வந்தனர். அரசுக்கு அளிக்க வேண்டிய மனுக்களை அவர் அவர்களுக்கு எழுதித் தந்தார். 1861-இல், தமது 37-ஆம் வயதில் மறைந்தார்.

உரிமை இருந்தும் அதை உரிய இடத்தில் கேட்க வழி தெரியாமல் நிற்பதே எளியோரின் துயரம். தாளில் எழுதிய மனு இன்று கணினிப் பதிவாக மாறிவிட்டது. அத்துயரம் தீர்ந்துவிட்டதா?

மேற்கு வங்கத்தின் 'துவாரே சர்க்கார்' திட்டம் இவ்வினாவிற்கு ஒரு விடை தருகிறது. 'வாசலில் அரசு' என்பது இப்பெயரின் பொருள். 2020 டிசம்பர் 1 அன்று தொடங்கிய இம்முகாம்கள் நகர வார்டுகளிலும் ஊராட்சிகளிலும் நடைபெற்றன. விண்ணப்பங்கள் மக்களின் இருப்பிடத்திற்கு அருகிலேயே பெறப்பட்டுக் கணினியில் பதிவாயின. விண்ணப்பத்தின் நிலையை அறியப் பதிவெண்ணும் உண்டு. படிவம் நிரப்பத் தெரியாதோருக்குக் கட்டணமின்றி உதவ 'பாங்ளா சகாயதா கேந்திரம்' என்னும் மையங்களும் அமைந்தன. 2022-ஆம் ஆண்டிற்கான டிஜிட்டல் இந்தியா விருதுகளில் துவாரே சர்க்கார் பிளாட்டினம் விருது பெற்றது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. கணினி மட்டும் மக்களை அரசிடம் கொண்டு சேர்க்கவில்லை. கணினிக்கு முன் ஒரு மேசையும், அம்மேசையில் பொறுமையுடன் கேட்டு எழுதும் ஒரு மனிதரும் தேவைப்பட்டனர்.

அம்மேசையில் தொடங்கும் பயணம் வங்கியில்தான் நிறைவுறுகிறது. 2013-இல் தொடங்கிய 'கன்யாஸ்ரீ' திட்டத்தில், மாணவியின் உதவித்தொகை அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே சென்றது. இத்திட்டம் 2017-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் சேவை விருதைப் பெற்றது. 2021-இல் வந்த 'லட்சுமிர் பண்டார்' மகளிர் உதவித் திட்டமும், கூட்டுக் கணக்கை ஏற்காமல் பெண்ணின் தனிக் கணக்கையே கேட்டது. பிறர் கையை எதிர்பாராது தம் பணத்தைத் தாமே எடுக்கும் நிலை அப்பெண்களுக்கு வாய்த்தது.

ஆயினும் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்பும் பணம் வந்து சேராமல் நின்றுவிடுவதுண்டு. காரணம் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். ஆதாரில் தந்தையின் முழுப்பெயரும், கணக்குப் புத்தகத்தில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கலாம். திருமணத்திற்குப் பின் ஓர் ஆவணத்தில் பெயர் மாறி, மற்றொன்றில் மாறாதிருக்கலாம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை போன்ற திட்டங்களின் பயனாளிகளும் இவற்றைக் கருத்தில் கொள்வது நன்று.

எனவே வாசகர்கள் மூன்றினைச் சரிபார்த்துக்கொள்வது நலம். முதலாவது, ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்க வேண்டும். இரண்டாவது, கைப்பேசி எண் மாறியிருந்தால் கிளையில் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது, ஆதார் வழியாக வழங்கப்படும் தொகை, ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியில் அதற்கென இணைக்கப்பட்டதோ அங்கேயே சேரும். பல கணக்குகள் உடையோர் அது எது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

வங்கிப் பணியில் இருப்போருக்கும் இதில் பங்குண்டு. முகப்பில் வந்து நிற்கும் மூதாட்டியிடம் "இணையத்தில் பாருங்கள்" என்று கூறுவது எளிது. அவருடன் அமர்ந்து, பிழை எங்குள்ளது என்று கண்டு திருத்தித் தருவதே சேவை. மனுவோடு வந்த உழவருக்கு அன்று பவானிபூரில் ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. இன்று நம் கிளைகளின் கதவுகளும் அவ்வாறே திறந்திருக்கட்டும்.