சட்டத்தின் கண்ணில் படாத பிளவு

1994 ஜனவரி 17, அதிகாலை 4.31. லாஸ் ஏஞ்சலிஸின் நார்த்ரிட்ஜ் வட்டாரம் குலுங்கியது, அளவு 6.7. விடிந்ததும் புவியியலாளர்கள் தரையில் பிளவைத் தேடினார்கள். ஆங்காங்கே வெடிப்புகள் தெரிந்தன. ஆனால் நிலநடுக்கத்தைக் கிளப்பிய பிளவு மேலே வரவே இல்லை. சுமார் 18 கி.மீ. ஆழத்தில் நழுவத் தொடங்கியது, தரையை எட்டுவதற்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போதே நின்றுவிட்டது.

கலிபோர்னியா என்றால் எல்லோருக்கும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுதான் நினைவுக்கு வரும். பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் அங்கே உரசிக்கொண்டு நகர்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே அந்தப் பிளவு வளைகிறது. உரசலோடு நெருக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஒதுங்க இடமில்லாத பாறை, சரிவான பிளவுகளின் வழியே மேலேறுகிறது. சான் கேப்ரியல், சாந்தா சுசானா மலைகள் இப்படி வளர்ந்தவைதான். நார்த்ரிட்ஜ் நடுக்கத்தில் மட்டும் சாந்தா சுசானாவின் சில பகுதிகள் ஏறத்தாழ ஒரு முழம் உயர்ந்தன.

அதே வட்டாரத்தில் 1971இல் நிகழ்ந்த சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்திலோ பிளவு தரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. தெருக்களும் வீடுகளும் அதன் மேலேயே இருந்தன. உயிருள்ள பிளவின் மேல் வீடு கட்டக் கூடாது என்று 1972இல் கலிபோர்னியா சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் வரைபடத்தில் கோடாகக் காட்ட முடிந்த பிளவின் மேல் கட்டுவதைத்தான் அது தடுக்கும். ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் தரைக் கிழிசல் அல்ல, குலுக்கல். 1971இல் மாண்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக் கட்டடம் இடிந்து இறந்தவர்கள். 1994இல் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் 16 பேர் இறந்தார்கள். அதன் வலுவற்ற தரைத்தளம் நசுங்கிப்போனது. வெளியே கீறல்கூட விழாத எஃகுக் கட்டடங்கள் பலவற்றின் பற்றவைப்பு இணைப்புகள் விரிசல் விட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

தரையில் தெரியாத பிளவை எப்படிப் பிடிப்பது? 1987இல் விட்டியர் நேரோஸ் பகுதியில் 5.9 அளவில் ஒரு நடுக்கம். அதற்குக் காரணமான பிளவை 1999இல் ஜான் ஷா, பீட்டர் ஷீரர் இருவரும் அடையாளம் காட்டினார்கள். புவென்டே ஹில்ஸ் எனப்படும் அந்தப் பிளவு நகரின் மையப் பகுதிக்கு அடியிலேயே செல்கிறது. அவர்களுக்குக் கைகொடுத்தவை எண்ணெய் நிறுவனங்கள் நிலத்துக்குள் அதிர்வலை செலுத்தி எடுத்திருந்த பழைய படங்கள். அது வெறும் அதிர்ஷ்டமில்லை. அடியில் பிளவு நழுவ நழுவ மேலிருக்கும் பாறையடுக்கு கவிழ்த்த கிண்ணம்போல வளையும். அந்த வளைவின் உச்சியில்தான் எண்ணெய் சிக்கிக்கொள்ளும். சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸ் எண்ணெய் வயல் அப்படிப்பட்ட வளைவு ஒன்றின் மேல்தான் இருக்கிறது.