கிட்டாரின் கீச்சொலி: காரணமும் மெழுகு வைத்தியமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் வீணை, வயலின் கற்கும் பிள்ளைகளோடு மின்சாரக் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளும் இன்று கணிசமாக இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "கிட்டார் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆம்ப்ளிஃபயர்ல அந்த கெயின் குமிழைக் கொஞ்சம் ஏத்தினா போதும், காது கிழியுற மாதிரி கீச்சுன்னு கத்துது" என்பார்கள். ஒரு கடைக்காரர் வேறு ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொல்வார். இன்னொருவர் 'நாய்ஸ் கேட்' என்ற பெட்டியைக் காட்டுவார். மூன்றாமவர் 'ஹம்பக்கர்' மாட்டினால் எல்லாம் போய்விடும் என்பார். ஆயிரக்கணக்கில் பணம்தான் போகும், கீச்சொலி போகாது. ஏனென்றால் இந்தக் கீச்சொலி பெரும்பாலும் மின்சாரக் கோளாறே அல்ல. கிட்டாருக்குள் ஏதோ ஒன்று ஆடுகிறது. அதை ஆடாமல் நிறுத்திவிட்டால் தீர்ந்தது. அதற்காகும் செலவு சில மெழுகுவத்திகளின் விலைதான்.

கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே பதித்திருக்கும் உறுப்புக்குப் பிக்கப் என்று பெயர். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார் அல்லவா, அந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது. எஃகுத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிரும்போது புலம் மாறுகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. ஆகவே பிக்கப்புக்குக் காது கிடையாது. எதிரே நின்று கத்தினாலும் அதற்குக் கேட்கக் கூடாது. மைக் வேறு, பிக்கப் வேறு.

ஆனால் ஃபாரடேயின் விதிக்குத் தந்தி ஆடினதா, சுருள் ஆடினதா என்ற பாகுபாடெல்லாம் தெரியாது. காந்தம் நிலையாக இருக்க, சுருளின் சில சுற்றுகள் தளர்ந்து ஆடினாலும் மின்னழுத்தம் பிறக்கும். பிக்கப்பின் மேல் உள்ள உலோக மூடி அதிர்ந்தாலும், அடித்தகடு அதிர்ந்தாலும், துருவத் திருகு ஒன்று லொடலொடத்தாலும் அதே கதைதான். அப்போது பிக்கப் மைக்காகவே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இதை மைக்ரோஃபோனிக் என்கிறார்கள். ஒலிவாங்கிக் குணம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இனி, கெயினை ஏற்றும்போது மட்டும் ஏன் கத்துகிறது? கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்தவர் ஒலிபெருக்கிக்கு எதிரே போய் நின்றால் கீ... என்று ஊளையிடுமே, அதே வட்டம்தான். ஒலிபெருக்கியின் சத்தம் காற்று வழியாகவும் மரம் வழியாகவும் பிக்கப்பை அசைக்கிறது, அசைவு மின்னழுத்தமாகிறது, ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது, மறுபடி ஒலிபெருக்கி. ஒரு சுற்று முடிந்து வரும்போது புறப்பட்டதைவிடக் குறைந்து வந்தால் சத்தம் தானே அடங்கிவிடும். கூடி வந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் வளர்ந்து ஊளையாகும். ராக் இசைக்காரர்கள் விரும்பும் அந்தக் கரகரப்பான ஓசைக்கு ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தை மிக உயர்த்த வேண்டியிருக்கிறது. அங்கே பெரிய சமிக்ஞை ஓர் எல்லைக்கு மேல் வளர முடியாமல் நசுங்கிவிடும். சின்னது மட்டும் வளர்ந்துகொண்டே வரும். சுருளின் அற்ப நடுக்கமும் தந்தியின் முழு ஓசையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். வங்காளத்தில் சுனில் கங்குலி மின்சார ஹவாய் கிட்டாரில் எத்தனையோ பாட்டுகளைத் தந்தார். தெளிவான அந்த வாசிப்புக்கு இவ்வளவு பெருக்கம் தேவைப்படாது. அதனால் இந்தத் தொல்லைக்கும் அங்கே இடம் குறைவு.

வைத்தியத்துக்கு முன் நாடி பார்க்க வேண்டும். கிட்டார் போடும் சத்தமெல்லாம் ஒன்றல்ல. 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த உறுமல் நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் வருவது. கிட்டாரைக் கையில் வைத்தபடி நின்ற இடத்திலேயே திரும்பினால் அது கூடும், குறையும். தந்தியே ஒலிபெருக்கியின் சத்தத்தில் அதிர்ந்து நீண்டு ஒலிப்பது வேறொன்று. 1964இல் வந்த பீட்டில்ஸ் குழுவின் 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டின் தொடக்கத்திலேயே அதைக் கேட்கலாம். அது கலைஞன் வேண்டி வரவழைப்பது, நோயல்ல. உள்ளங்கையால் தந்திகள் எல்லாவற்றையும் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் நின்றால் அது தந்தியின் வேலை. நிற்காமல் கூர்மையாகக் கீச்சிட்டால் சந்தேகம் பிக்கப் மேல் விழ வேண்டும். அடுத்து, கிட்டாரில் உள்ள ஒலியளவுக் குமிழை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் கத்தினால் குற்றம் கிட்டாருடையது அல்ல. வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்தால் அதன் முன்பகுதி வால்வுக்கே இந்த ஒலிவாங்கிக் குணம் வந்திருக்கலாம். பென்சிலால் மெல்லத் தட்டினால் 'டங்' என்று காட்டிக்கொடுத்துவிடும். பிக்கப்பையும் அதேபோல் மரப் பென்சிலால் தட்டிப் பார்க்கலாம். இன்னொரு நல்ல சோதனை, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்பது. வட்டம் அறுந்துவிடுவதால் கீச்சொலி மறைந்துவிடும். உறுமல் அப்படியே இருக்கும்.

ஹம்பக்கர் ஏன் உதவாது என்று சொல்லிவிடுகிறேன். கிப்ஸன் கம்பெனியில் வேலை செய்த செத் லவர் என்பவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. அவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்தத் துருவங்களையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிராக விழுந்து கழிந்துவிடும். தந்தியின் ஓசை கூடிவிடும். அருமையான யோசனை, சந்தேகமில்லை. ஆனால் காந்தப்புலத்தில் சுருளோ மூடியோ அசைவதால் பிறக்கும் மின்னழுத்தம் தந்தியின் ஓசையைப் போன்றதே, உறுமலைப் போன்றதல்ல. அது கழியும் என்று எதிர்பார்க்க முடியாது. நாய்ஸ் கேட் வாசிப்பு நின்ற இடைவெளியில் கதவைச் சாத்தும். வாசிக்கும்போது கதவு திறந்துதானே இருக்க வேண்டும்?

மோட்டார் வைண்டிங் செய்பவர்களுக்கு இதெல்லாம் புதுசே இல்லை. எனாமல் கம்பி வியாபாரத்தில் இத்தனை வருஷம் இருந்துவிட்டதால் எனக்கு இது கண்கூடு. சுற்றி முடித்த சுருளை அவர்கள் சும்மா மாட்டுவதில்லை. வார்னிஷில் முக்கி, சூடுகாட்டி இறுக்குவார்கள். கம்பிகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது, அதிரக் கூடாது என்பதற்காக. பிக்கப்பில் வார்னிஷுக்குப் பதில் மெழுகு, அவ்வளவுதான். இங்கே ஒரு சொல் எச்சரிக்கை. பிக்கப்பைத் தாங்களே சுற்றிப் பார்க்கும் இளைஞர்கள் கடையில் வந்து "42 கேஜ்" என்று கேட்கிறார்கள். அது அமெரிக்க அளவு, சுமார் 0.063 மில்லிமீட்டர். நம் கடைகளில் 42 என்றால் பிரிட்டிஷ் அளவு, சுமார் 0.10 மில்லிமீட்டர். அந்தத் தடிப்பில் வேண்டிய சுற்றுகள் கூட்டுக்குள் அடங்கவே அடங்காது. நம் கணக்கில் 46 கேஜ்தான் அதற்கு நெருங்கியது.

மெழுகில் முக்குவதற்கு முன் எளிய சிகிச்சைகளைப் பார்த்துவிடுங்கள். பிக்கப்பைத் தாங்கும் சுருள்வில் ஆடினால் அதை எடுத்துவிட்டு ரப்பர் குழாய்த் துண்டு போடலாம். அடியில் கொஞ்சம் ஸ்பாஞ்ச் வைக்கலாம். துருவத் திருகுகளை இறுக்கலாம். பல சமயம் இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

தீரவில்லை என்றால் மெழுகு. பாரஃபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு என்பது பலரும் கையாளும் கலவை. பாரஃபின் மட்டும் போட்டால் ஆறினதும் விறைத்து வெடிப்பு விடலாம். தேன்மெழுகு நெகிழ்வும் ஒட்டும் தன்மையும் தருகிறது. சமண இல்லறத்தாருக்குச் சொல்லப்பட்ட மூலகுணங்கள் எட்டில் தேன் விலக்கலும் ஒன்று. எங்களைப் போன்ற வீடுகளில் தேன்மெழுகு வேண்டாம் என்றால் பெட்ரோலியத்திலிருந்தே எடுக்கப்படும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைக் கொஞ்சம் சேர்க்கலாம், அதுவும் நெகிழ்வானதே. வெறும் பாரஃபினும் ஓரளவு வேலையை முடித்துவிடும்.

மெழுகை நேரே அடுப்பில் வைக்கவே கூடாது. மண்ணெண்ணெய்க்குப் பங்காளி அது. சூடு மீறினால் தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியைப் போட்டு அணைக்க வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்குங்கள். வெப்பமானி கட்டாயம். 65 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்துங்கள். 70ஐத் தாண்டினால் சில பிக்கப்புகளின் பிளாஸ்டிக் கூடு கோணிவிடும். அமெரிக்காவில் எடி வான் ஹேலன் தன் பிக்கப்பைப் பாரஃபினில் முக்கியே கீச்சொலியை அடக்கினார். அதற்குள் சில பிக்கப்புகளை உருக்கிக் கெடுத்தார் என்பதும் பிரசித்தம். முக்கினதும் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். அது நிற்கும்வரை, அதாவது 15, 20 நிமிடம், உள்ளே இருக்கட்டும். எடுத்துத் துடைத்து, தானாக ஆற விடுங்கள். மூடி உள்ள பிக்கப் என்றால் மூடிக்கும் சுருளுக்கும் நடுவே மெழுகு புகுந்திருக்க வேண்டும். ஆடுவது பெரும்பாலும் அந்த மூடிதான். எபாக்ஸி பசை ஊற்றி அடைப்பவர்களும் உண்டு. நாளைக்கு உள்ளே கம்பி அறுந்தால் பிரிக்கவே முடியாது. எனக்கு அதில் சம்மதமில்லை.

எல்லாப் பிக்கப்பையும் மெழுகில் போட்டுவிட வேண்டாம். செத் லவரின் அந்தப் பழைய கிப்ஸன் பிக்கப்புகள் மெழுகில்லாமலே வந்தவை. சற்றே ஒலிவாங்கிக் குணம் இருப்பதுதான் அவற்றின் ஓசைக்கு ஒரு விரிவு தருகிறது என்று வாசிப்பவர்களில் பலர் நினைக்கிறார்கள். மெதுவான வாசிப்புக்காரர் கையில் அது நிம்மதியாக இருக்கும். சேகரிப்பவர்கள் அவற்றுக்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள், மெழுகு பட்டால் விலை இறங்கிவிடும். வீட்டில் தாத்தா காலத்துக் கிட்டார் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.