ஊனமுற்ற படைவீரரும் நிலக் குடியேற்றமும்: அவுஸ்திரேலிய அனுபவம்

முதலாம் உலகப்போரிற் காயமுற்றுத் திரும்பியோரை நிலத்திற் குடியேற்றும் திட்டத்தை அவுஸ்திரேலிய அரசுகள் நன்றிக்கடனாகவே விளம்பரப்படுத்தின. திறந்தவெளி உழைப்பு உடற்காயத்தையும் மனச்சிதைவையும் ஆற்றும் என்ற நம்பிக்கை அதற்குத் துணைநின்றது. வேலையற்ற படைவீரர் நகரங்களில் திரள்வது பற்றி ஆளும் வர்க்கத்திற்கு இருந்த அச்சமும் இங்கு நோக்கற்பாலது.

குயின்ஸ்லாந்தின் பியர்பரத்தில் 1916 முதல் அன்னாசிச் செய்கைக்காகக் காணிகள் பங்கிடப்பட்டன. மண்ணோ வளங்குன்றியது. இத்தகைய குடியேற்றங்களில், நச்சுவாயுவால் நுரையீரல் நைந்தோரும் உறுப்பிழந்தோரும் காடுவெட்டிப் பயிரிட்டு, வட்டியையும் செலுத்த வேண்டியிருந்தது. நிலம் கொடையன்று, கடன். பயிற்சி செய்கைமுறையைக் கற்பிக்கலாம். இழந்த உழைப்புச் சக்தியை அது ஈடுசெய்யாது. மனைவி மக்களின் கூலியற்ற உழைப்பே அந்த இடைவெளியை நிரப்பியது. அரச கணக்கேடுகளில் அவ்வுழைப்புக்கு விலை இல்லை.

1929இல் நீதிபதி பைக் சமர்ப்பித்த அறிக்கை நட்டத்தை ஏறத்தாழ 2 கோடியே 35 இலட்சம் பவுண் எனக் கணித்தது. மூலதனமின்மை, குடும்பம் பிழைக்கப் போதாத காணிப்பரப்பு, குடியேறியோரின் தகுதியின்மை, விளைபொருள் விலைவீழ்ச்சி என்பன அது கண்ட காரணங்கள். 'தகுதியின்மை' என்னுஞ் சொல் கவனத்திற்குரியது. அவர்களுட் பலரைத் தகுதியற்றோராக்கியது போரே அன்றோ?

ஆதிக்குடிப் படைவீரருக்கோ காணி பெரும்பாலும் மறுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் பின்னர், விக்டோரியாவின் லேக் கொண்டா ஆதிக்குடி ஒதுக்குநிலம் வெள்ளைப் படைவீரருக்கே பங்கிடப்பட்டது. அம்மண்ணிலிருந்து போருக்குச் சென்ற குண்டிற்ஜ்மாரா மக்கள் அப்பங்கீட்டில் இடம்பெறவில்லை.