பழைய சைக்கிளின் மரைக்கணக்கு

பழைய கறுப்பு சைக்கிள் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்குழாயில் இருக்கும் பேட்ஜைத்தான். ராலியா, ஹம்பரா, பி.எஸ்.ஏ.வா என்று தெரிந்துவிட்டால் விலையும் பேசலாம், பெருமையும் பேசலாம். அந்தப் பேட்ஜைப் பிடித்துக்கொண்டிருப்பதோ இரண்டு பொடி ரிவெட்டுகள். ஐம்பது, அறுபது வருஷத்தில் எத்தனை முறை பெயின்ட் அடித்தார்கள், எத்தனை முறை அதைக் கழற்றி வேறொன்றை வைத்து அடித்தார்கள் என்பதற்குக் கணக்குக் கிடையாது. வண்டி எங்கே பிறந்தது என்பதை, சுலபத்தில் மாற்ற முடியாத இடங்களில் தேட வேண்டும். அதில் முதல் இடம் மரைக்கு.

பிரிட்டிஷ் சைக்கிள்களில் கிராங்க் ஆக்சில் சுழலும் பி.பி. கூட்டின் உட்புறத்தில் அங்குலத்துக்கு 24 மரை இருக்கும். நாட்டிங்ஹாமில் செய்த ராலியில் மட்டும் 26. விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, 1⅜ அங்குலம். வம்பு இங்கேதான். பால்ரஸைத் தாங்கும் 24 மரை கப்பை 26 மரைக் கூட்டில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். துரு பிடித்திருக்கிறது என்று நினைத்து நீளமான ஸ்பேனரைப் போட்டு அழுத்துகிறவர், கூட்டின் மரையை வழித்தெடுத்துக்கொண்டிருக்கிறார். கப் போனால் வேறு கப் வாங்கலாம். கூடு சட்டத்தோடு பற்றவைத்தது. முன் ஃபோர்க்கின் தண்டிலும் இதே கதை: மற்றவர்களுக்கு 24, ராலிக்கு 26. இன்ன வண்டி என்று தெரிந்துகொள்ளாமல் கைவைக்கக் கூடாது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதற்காகத்தான்.

ராலி ஏன் தனி வழியில் போனது? 1880-களின் கடைசியில் ஃபிராங்க் பௌடன் நாட்டிங்ஹாமின் ராலி தெருவில் இருந்த ஒரு சிறு பட்டறையை வாங்கி வளர்த்த நிறுவனம் அது. பிற்பாடு சட்டம், ஹப், கிராங்க் என்று பெரும்பாலானவற்றைத் தானே செய்துகொள்ளும் அளவுக்குப் பெருத்தது. அடுத்தவரின் அளவுக்கு ஒத்துப்போக வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதோடு நிற்காமல் போட்டியாளர்களையும் ஒவ்வொன்றாக வாங்கியது. ஹம்பர் 1932-இல், ரட்ஜ் 1943-இல், டிரையம்ஃப் சைக்கிள் 1954-இல், பி.எஸ்.ஏ. சைக்கிள் 1957-இல் அதன் கைக்குப் போயின. 1960-இல் ஹெர்குலிஸ், பிலிப்ஸ் பெயர்களை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் சைக்கிள் பிரிவும் ராலியும் ஒன்றாயின. பெயர்களை விட்டுவைத்தார்கள், பட்டறை மாறியது. ஆகவே 1930-களின் ரட்ஜும் 1950-களின் ரட்ஜும் பேட்ஜில் ஒன்றுபோல் இருந்தாலும், பின்னதன் வயிற்றுக்குள் ராலியின் 26 மரையை எதிர்பார்க்கலாம்.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் கூட்டுச் சேர்ந்து 1949-இல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலி ஆலை வந்தது. எனவே இங்கே கிடைக்கும் ஹெர்குலிஸ் பர்மிங்ஹாமில் பிறந்ததா அம்பத்தூரில் பிறந்ததா, ராலி நாட்டிங்ஹாமா அசன்சோலா என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளக்க மரை கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப்பின் ஆக்சிலில் இருப்பது அங்குலத்துக்கு 26 மரை. பழைய ஆக்சில் ஒன்றை எடுத்து, கழற்றிய கப்பின் மரைமேல் பக்கவாட்டில் பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். பல்லோடு பல் பொருந்தி வெளிச்சம் கசியாமல் நின்றால் 26. ஓரிரு பல்லுக்குப் பிறகு விலகினால் 24.

மரைக்கு அடுத்து செயின் வீல். ராலியின் செயின் வீலில் நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். ரட்ஜில் விரித்த உள்ளங்கை. ஹம்பரில் வட்டமாக ஐந்து மனித உருவங்கள். பி.எஸ்.ஏ.வில் அந்த மூன்று எழுத்துகளே. பார்க்க அழகு, சாட்சியாகக் கொஞ்சம் பலவீனம், ஏனென்றால் கிராங்கைப் பிடித்திருக்கும் ஒரு காட்டர் பின்னைத் தட்டி எடுத்தால் செயின் வீல் மாறிவிடும். ஃபோர்க் அதைவிட நம்பகமானது. ஹம்பரின் நல்ல மாடல்களில் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரண்டு மெல்லிய குழாய்களால் ஆனது. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஸ்போக்ஸ் கம்பிகளையும் எண்ணிப் பாருங்கள்: முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்றால் பழைய பிரிட்டிஷ் வழக்கம். பாரம் பின்னால்தானே ஏறுகிறது!

பின் ஹப் ஸ்டர்மி-ஆர்ச்சராக இருந்தால் அதிர்ஷ்டம். அதன் முதுகில் மாடல் எழுத்துக்குப் பக்கத்தில் '54 7' என்பதுபோல் எண் பொறித்திருக்கும். 1954 ஜூலையில் செய்தது என்று பொருள். 1930-களின் ஹப்களில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் இருக்கும். இது ஹப் பிறந்த தேதி என்பதை மறக்க வேண்டாம். சக்கரம் மாறியிருந்தால் தேதியும் மாறியிருக்கும். ஆனால் சட்டம், கிராங்க், ரிம் எல்லாம் அதே காலத்தைக் காட்டினால் வண்டி முழுசாகவே வந்திருக்கிறது என்று நம்பலாம்.

1900-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது இந்த மூன்று கியர் ஹப். ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் ஆகிய இருவரின் பெயரும் நிலைத்தது; வடிவமைப்பில் பெரும்பங்கு ஆற்றிய வில்லியம் ரெய்லியின் பெயர் நிலைக்கவில்லை. பழைய வண்டிகளில் அதிகம் காணப்படுவது 1936-இல் வந்த ஏ.டபிள்யூ. மாடல்.

அதன் உள்ளே நடப்பதைச் சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு எளிமையாக இருக்கும். சக்கரத்தின் ஆக்சில் சுழல்வதில்லை. அதிலேயே 20 பல் உள்ள சிறு பல்சக்கரம் ஒன்று அசையாமல் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு குட்டிப் பல்சக்கரங்கள் ஒரு கூண்டில் உட்கார்ந்து ஓடுகின்றன. அவற்றுக்கு வெளியே, உட்பக்கம் 60 பல் வெட்டிய வளையம். செயின் இழுக்கும் விசையை வளையத்தில் கொடுத்து, கூண்டின் வழியாக ஹப்பைச் சுழற்றினால், செயின் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் முக்கால் சுற்று. அது மேடேற. விசையைக் கூண்டில் கொடுத்து வளையத்தின் வழியாக வெளியே எடுத்தால் ஒன்றே கால் சுற்றுக்கும் மேலே, 80-ஐ 60-ஆல் வகுத்த கணக்கு. அது எதிர்க்காற்று இல்லாத சமவெளிக்கு. வளையத்தில் கொடுத்து வளையத்திலேயே எடுத்தால் ஒன்றுக்கு ஒன்று. இந்த மூன்றுக்கும் இடையே மாற்றுவது ஒரு மெல்லிய கம்பி இழுக்கும் சிலுவை வடிவத் துண்டு, அவ்வளவுதான். கம்பி முழுசாக இழுபட்டால் முதல் கியர், தளர்ந்தால் மூன்றாம் கியர். அதனால் கம்பி அறுந்தாலும் வண்டி நிற்காது. மூன்றாம் கியரிலேயே வீடு வரலாம், மேடுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு.

இதைப் புரிந்துகொண்டால் காதாலேயே கோளாறு கண்டுபிடிக்கலாம். பெடலை மிதிக்கும்போது இரண்டாம், மூன்றாம் கியர்களில் மெல்லிய டிக்டிக் கேட்க வேண்டும். முதல் கியரில் கேட்கக் கூடாது. ஓசை மந்தமாக இருந்தால், அதை எழுப்பும் ஹப்பின் நாக்குகள் காய்ந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஹப்பின் நடுவில் உள்ள எண்ணெய்த் துளையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுழற்றி, வடியவைத்து, பிறகு மெல்லிய மெஷின் ஆயில் ஒரு டீஸ்பூன் விட்டாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஹப்பைப் பிரித்துத் திணறத் திணற கிரீஸ் அடைக்கும் பழக்கம் சில கடைகளில் உண்டு. அந்த நாக்குகளைத் தூக்கும் ஸ்பிரிங் தலைமுடி அளவுதான். கெட்டி கிரீஸில் அதற்கு எழுந்திருக்கவே தெம்பு இருக்காது. கிரீஸ் பால்ரஸுக்கு மட்டும்.

இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு நடுவே எதிலும் சேராத ஒரு நிலை இருக்கிறது. கம்பி சரியாக இல்லாவிட்டால், எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென்று காலியாகி, ஓட்டுபவர் பாரில் வந்து விழுவார். இதனால் கெட்ட பெயர் வாங்கிய ஹப்கள் ஏராளம், குற்றம் கம்பியினுடையது. இரண்டாம் கியரில் வைத்து, வலது நட்டில் உள்ள துளை வழியாகப் பாருங்கள். சங்கிலியோடு சேர்ந்த சிறு கம்பியின் தோள் ஆக்சிலின் நுனியோடு சமமாக நிற்க வேண்டும். அந்த அளவில் அட்ஜஸ்டரை இறுக்கினால் முடிந்தது.

ஹப்பைவிட அதிகம் சேதப்படுத்தப்படும் பாகம் ஒன்று உண்டென்றால் அது காட்டர் பின். கிராங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் இந்த ஆப்பு, ஆண்டுக்கணக்கில் மிதித்து மிதித்து இறுகிப்போயிருக்கும். கிராங்கைச் சும்மா அந்தரத்தில் வைத்து சுத்தியலால் அடித்தால், அடி முழுவதும் ஆக்சில் வழியாகப் பால்ரஸுக்கும் கப்புக்கும் போய்க் குழி விழவைக்கும். பின் வந்துவிடும், ஆனால் அதற்குப் பிறகு பெடல் சுற்றும்போதெல்லாம் கரகரப்பு. ஒரு கனத்த இரும்புக் குழாயைத் தரையில் நிறுத்தி, பின்னின் தலைப்பக்கம் அதன் வாய்க்குள் இறங்கும்படி கிராங்கை அதன்மேல் தாங்கவைக்க வேண்டும். நட்டை முற்றிலும் கழற்றாமல் மரையின் நுனியோடு சமமாக விட்டு, கனமான சுத்தியலால் தயங்காமல் ஒரே அடி. பத்து சின்ன அடிகள் பின்னை வளைக்கும்; வளைந்த பின்னை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தால் நல்லது. இதற்கென்றே செய்த பிரஸ் கிடைத்தால் இந்த வைபவம் எதுவும் வேண்டாம்.

புதுப் பின் போடுவதில் அவசரம் ஆகாது. அதன் சரிந்த முகம் ஆக்சிலின் வெட்டோடு முழுசாகப் படியும்வரை அரத்தால் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டு பக்கப் பின்களும் எதிரெதிர் திசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் வராது. அடித்து உட்காரவைத்த பிறகே நட்டு. நட்டைத் திருகியே பின்னை உள்ளே இழுத்துவிடலாம் என்று நினைத்தால் மரைதான் போகும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை தட்டி இறுக்குங்கள்.

கம்பி பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காமல், ஹப்பைப் பார்த்த உட்புறத்தில் மேல்நோக்கி அழுத்துகிறது. அதற்காகவே விளிம்பு உருண்ட வெஸ்ட்வுட் ரிம். அதனால் சக்கரத்தில் பக்கக் கோட்டம் கொஞ்சம் இருந்தாலும் பிரேக் பொறுத்துக்கொள்ளும். மேலும் கீழும் துள்ளும் கோட்டத்தைப் பொறுக்காது. கோட்டம் எடுக்கிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மழையில் இந்தப் பிரேக்கை நம்பி வேகம் போக வேண்டாம்.

துருவுக்கு வருவோம். பளபளப்பில் லேசான மஞ்சள் சாயல் இருந்தால் நிக்கல் பூச்சு, 1930-க்கு முந்தியதாக இருக்கலாம். நீலச் சாயலோடு கண்ணாடிபோல் இருந்தால் குரோமியம். குரோமியத்தின்மேல் படிந்த துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். ஆழமாகப் பிடித்த துருவுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். அது விஷம்: கையுறை, திறந்தவெளி, பிளாஸ்டிக் தொட்டி, முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவல், இவற்றில் எதையும் விடக் கூடாது.

பெயின்டைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி. பழைய எனாமலின்மேல் இருக்கும் பொன் கோடுகள் நீள மயிர்த் தூரிகையால் கையில் இழுத்தவை. மெழுகு போட்டுத் துடைத்தால் கீறல்களோடு சேர்ந்து கறுப்பும் மின்னும். புதுசாக ஸ்பிரே அடித்தால் கீறல் போகும், கோடும் போகும், எழுத்தும் போகும். பிறகு அந்தச் சட்டம் எந்த ஆண்டுடையது என்று காட்ட ஒரு தடயம் குறைவு. சட்டம் ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தால் வேறு விஷயம்.

தோல் சீட்டுக்கு எண்ணெய் குளிப்பாட்டல் வேண்டாம். ஊறிய தோல் தொய்ந்து தொட்டிலாகும். முன் மூக்குக்கு அடியில் உள்ள நட்டை அரைச் சுற்று இறுக்கிப் பார்த்து நிறுத்துங்கள். முன்சக்கரத்தில் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனோ ஹப் இருந்தால் அதன் காந்தத்தை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். இரும்பு வளையம் ஒன்றை உடனே மாட்டாமல் உள்ளிருக்கும் சுருளைப் பிரித்தால் காந்த வலு குறைந்து, விளக்கு பிறகு மங்கலாகவே எரியும்.

உதிரிபாகத்துக்கு முன்போல் அலைய வேண்டியதில்லை. ஸ்டர்மி-ஆர்ச்சர் 2000-ஆம் ஆண்டு தைவானின் சன்ரேஸ் நிறுவனத்துக்குப் போன பிறகும் மூன்று கியர் ஹப் செய்வது நிற்கவில்லை. 28 × 1½ டயர் இந்தியாவில் இன்றும் தயாராகிறது. அந்த வகையில் இங்கிலாந்தில் பழைய ராலி வைத்திருப்பவரைவிட நம் நிலைமை மேல். கடையில் வெறுமனே 28 என்று கேட்டால் மட்டும், புதுவகை சைக்கிளுக்கான 622 மில்லிமீட்டர் டயரைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அது 13 மில்லிமீட்டர் சின்னது, என்ன முயன்றாலும் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 635 என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.