சாட்சி சொல்லப் போன சித்தி

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன் – கண்ணகி ஆணவப் படுகொலை வழக்கில் 2025 ஏப்ரல் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொலை நடந்தது 2003 ஜூலை 8. நடுவே ஓடியவை ஏறக்குறைய 22 ஆண்டுகள். அந்த வருஷம் பிறந்த குழந்தைகள் இன்று கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பதினொரு பேரின் மேல்முறையீடுகளும் தள்ளுபடியாகிவிட்டன. ஆனால் மரக்காணம் பக்கத்து உப்பளங்களிலும் சேரிகளிலும் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மக்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கடலூர் கோர்ட்டில்தான் தண்டனை கொடுத்துவிட்டார்களே, அப்புறம் எதற்குச் சென்னை, எதற்கு டெல்லி?

நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் முன், நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறோம். கல்லூரி மாணவர்களில் பலருக்கு இந்தப் பெயர்களே தெரியாது.

முருகேசன் தலித் குடும்பத்துப் பிள்ளை. பொறியியல் பட்டதாரி. கண்ணகி அதே ஊர், வன்னியர் சமூகம். தந்தை ஊராட்சித் தலைவர். இருவரும் 2003 மே 5-ஆம் தேதி கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வீட்டாருக்குத் தெரியாது. பிறகு கண்ணகியை மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் தங்கவைத்தார் முருகேசன். அந்த ஊர் அப்போது நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செய்தி கசிந்தது. முருகேசனைப் பிடித்துக் கட்டி வைத்து அடித்தார்கள். கண்ணகியையும் கொண்டுவந்தார்கள். ஊர் பார்க்க இருவரின் மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று உடல்களை எரித்தார்கள். இந்த வரிகளை எழுதுவதற்கே கை கூசுகிறது. ஆனால் ஊர் பார்த்துக்கொண்டு நின்றது என்பதை விட்டுவிட்டு இந்த வழக்கைச் சொல்ல முடியாது. பிறகு நடந்த எல்லாமே அதில் இருந்துதான் தொடங்குகிறது.

காவல் நிலையத்துக்குப் போன முருகேசன் குடும்பத்தாரின் புகாரை வாங்கவில்லை. சாதியைச் சொல்லித் திட்டித் திருப்பி அனுப்பினார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு, கொலை நடந்து ஒன்பது நாள் கழித்து, ஜூலை 17-ஆம் தேதிதான் எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது. அதிலும் ஒரு சூழ்ச்சி. இரண்டு தரப்பும் சேர்ந்து தத்தம் பிள்ளைகளைக் கொன்றுவிட்டதுபோலக் கதை கட்டி, முருகேசனின் தந்தையையும் உறவினர்களையுமே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்கள். மகனைப் பறிகொடுத்தவரையே மகனைக் கொன்றவராக எழுதிய காகிதம் அது. மனித உரிமை அமைப்புகளும் வழக்கறிஞர் பொ.இரத்தினம் போன்றவர்களும் விடாமல் போராடியதில், 2004-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. சி.பி.ஐ. வந்த பிறகுதான் அந்தப் பொய்யை எழுதிய ஆய்வாளரும் துணை ஆய்வாளரும் குற்றவாளிகள் பட்டியலுக்குள் வந்தார்கள்.

அதன்பிறகும் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு 2021 செப்டம்பர் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் 15 பேரில் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு. தந்தை, இரண்டு காவல் அதிகாரிகள் உள்ளிட்ட மற்ற 12 பேருக்கு ஆயுள். விடுதலையான இருவரும் முருகேசன் தரப்பு உறவினர்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். தூக்குத் தண்டனையை எந்த அமர்வு நீதிமன்றம் கொடுத்தாலும் அது தானாக உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கே உறுதி செய்தால் ஒழிய நிறைவேற்ற முடியாது. மற்ற தண்டனைகளை எதிர்த்துக் குற்றவாளி மேல்முறையீடு செய்யலாம். அது அவருடைய உரிமை. யாரை எடுத்ததற்கெல்லாம் பிடித்து உள்ளே போடுகிறார்களோ அந்தச் சமூகத்துக்கு இந்த உரிமை மற்றவர்களைவிட அதிகம் தேவை. மேல்முறையீடே கூடாது என்று கோபத்தில் சொல்லும் நம் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முருகேசனின் தந்தையே பொய் வழக்கில் குற்றவாளியாக நின்றவர்தானே?

மேல் நீதிமன்றம் பொதுவாகப் புதிதாகச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதில்லை. கீழே பதிவான சாட்சியத்தை ஒவ்வொரு குற்றவாளிக்கும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்க்கிறது. 2022 ஜூன் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. அண்ணனின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. இரண்டு பேரை விடுவித்தது. துணை ஆய்வாளரின் ஆயுள் தண்டனை இரண்டு ஆண்டுகளாகச் சுருங்கியது. மீதித் தண்டனைகள் நின்றன. இந்தக் குறைப்பு நமக்குக் கசப்புத்தான். தூக்கு வேண்டும் என்பதல்ல நம் நிலை. புகாரை வாங்க மறுத்த காக்கிச் சட்டைக்கு இரண்டு வருஷம் போதும் என்று கணக்கிட்டதுதான் கசக்கிறது.

அங்கிருந்து டெல்லி. நீதிபதிகள் சுதான்ஷு துலியா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அமர்வு மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. இந்தக் குற்றத்தின் வேர் சாதி அடுக்குமுறையில் இருக்கிறது என்று தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. முருகேசனின் தந்தைக்கும் சித்திக்கும் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும், முன்பு நீதிமன்றங்கள் தரச் சொன்ன தொகை போக இது தனி என்றும் உத்தரவிட்டது.

அந்தச் சித்தியைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறோம்.

இந்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சிகள் 81 பேர். அவர்களில் 36 பேர் பிறழ் சாட்சிகள் ஆனார்கள். அதாவது விசாரணை அதிகாரியிடம் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னார்கள், அல்லது எதுவும் தெரியாது என்றார்கள். ஊர் முழுக்க நின்று பார்த்த கொலைக்கு, கூண்டில் ஏறியதும் கண் தெரியாமல் போய்விடுகிறது. முருகேசனின் சித்தி மாறவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அவரைத்தான் அதிகம் குறிவைத்தார்கள். இவர் செத்தவரின் குடும்பம், அதனால் ஒரு பக்கமாகத்தான் பேசுவார் என்றார்கள். முன்னால் கொடுத்த வாக்குமூலத்தில் இல்லாததை இப்போது சொல்கிறார் என்றார்கள். உச்ச நீதிமன்றம் அவரை நம்பியது. உறவுக்காரர் என்பதாலேயே ஒருவரின் சாட்சியம் பொய்யாகிவிடாது. இது நம் நீதிமன்றங்களில் வெகுகாலமாக இருக்கும் நெறி. பெற்ற பிள்ளைபோல வளர்த்தவனைக் கொன்றவர்களை விட்டுவிட்டு வேறு யார்மீதாவது பழி போட ஒரு தாய்க்கு என்ன தேவை இருக்கிறது?

பிறழ் சாட்சி சொன்னதெல்லாம் குப்பைக்குப் போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அவர் சொன்னதில் மற்ற ஆதாரங்களோடு ஒத்துப்போகிற பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். இந்த வழக்கிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கோகுல்ராஜ் வழக்கிலும் முக்கியமான பெண் சாட்சி பிறழ்ந்தார். ஆனால் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் கேமராப் பதிவுகள் இருந்தன. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் நேரில் கோயிலுக்கே போய்ப் பார்த்துவிட்டு, 2023 ஜூன் 2-ஆம் தேதி யுவராஜ் உள்ளிட்டோரின் தண்டனையை உறுதி செய்தார்கள். உடுமலை சங்கர் கொலையும் பட்டப்பகலில் கேமராவில் பதிவானதுதான். ஆனால் 2020 ஜூன் 22-இல் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது. சதி செய்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. வெட்டியவரைக் கேமரா காட்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசியதைக் காட்டாது. அதற்கு மனிதர்கள்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அகப்பாடல்களில் உடன்போக்கு என்றொரு துறை உண்டு. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிச் செவிலி பாலைவழியில் போகிறாள். எதிரே வருபவர்களிடம் கேட்கிறாள். கலித்தொகையில் அந்த வழிப்போக்கர்கள், ஆமாம், பார்த்தோம் என்று மறைக்காமல் சொல்கிறார்கள். அவர்கள் செய்தது அறம்தான் என்றும் சொல்லித் தாயைத் தேற்றுகிறார்கள். இலக்கண நூல்கள் இவர்களைக் ‘கண்டோர்’ என்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையை மேடைதோறும் பேசுகிறவர்கள், புதுக்கூரைப்பேட்டையில் கண்டோர் 36 பேர் ஏன் காணாதோர் ஆனார்கள் என்றும் பேசலாம்.

நாம் அவர்களைத் திட்டிவிட்டுப் போய்விட முடியாது. மரக்காணத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கிங்காம் கால்வாய்க்கும் கழுவேலிக்கும் நடுவே 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம் கிடக்கிறது. தை, மாசியில் தொடங்கி மழை வரும்வரை வேலை. ஐப்பசி பிறந்துவிட்டால் பாத்தி தண்ணீருக்குள். அந்த மாதங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் முன்பணம் வாங்காத உப்பளக் குடும்பம் எத்தனை இருக்கும்? முன்பணம் கொடுத்தவரின் சொந்தக்காரர் மேல் வழக்கு என்றால், அந்த வீட்டுப் பெண் கோர்ட்டில் என்ன சொல்வார்? ஒரு நாள் சாட்சிக்குப் போனால் அன்றைய கூலி போகும். மறுநாள் வேலை கிடைக்குமா என்பது அதைவிடப் பெரிய பயம். மரக்காணத்தில் இருந்து திண்டிவனம் ஒரு பஸ், அங்கிருந்து விழுப்புரம் இன்னொரு பஸ். அவ்வளவு தூரம் போனபிறகு, இன்றைக்கு வாய்தா, அடுத்த மாதம் வாருங்கள் என்பார்கள். இப்படி நாலு முறை அலைந்தால் உண்மை தானாகவே மறந்துபோகும்.

சாதி கடந்த ஒரு காதல் எவ்வளவு தூரம் எரியும் என்று இந்தக் கடற்கரைக்கும் தெரியும். 2012 நவம்பரில் தருமபுரி இளவரசன் – திவ்யா திருமணத்தை வைத்து நத்தம் காலனியையும் சுற்றியிருந்த தலித் குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். அந்தச் சூடு ஆறும் முன்பே, 2013 ஏப்ரல் 25, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழா நாளன்று, மரக்காணம் கட்டையன் தெருவில் நம் குடிசைகள் எரிந்தன. அந்தத் தெருவுக்கும் தருமபுரிக் காதலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருந்தது மட்டுமே அதன் குற்றம்.

அதனால்தான் சாட்சிகளுக்குச் சட்டம் என்ன தருகிறது என்பதை நம் மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு கேட்கும் உரிமையைத் தருகிறது. வழக்கு நடக்கும் காலத்தில் பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்துவது ஆகியவற்றையும் கேட்கலாம். குற்றவாளிக்கு ஜாமீன் கொடுக்கும் முன் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்டே ஆக வேண்டும். சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 11-ஆம் விதி இன்னும் தெளிவு. சாட்சிக்குப் போய்வரும் செலவோடு தினப்படியும் கொடுக்க வேண்டும். அந்தப் படி விவசாயக் கூலிக்கான குறைந்தபட்சக் கூலியைவிடக் குறையக் கூடாது. மாவட்ட நிர்வாகம் அதை உடனே, தாமதித்தாலும் மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்கியவர்கள் நம் பக்கம் வெகு குறைவு. கேட்கலாம் என்று சொல்லிக்கொடுப்பவர்களும் குறைவு.

அரசு வழக்கறிஞர்மேல் நம்பிக்கை இல்லையென்றால், நீங்கள் விரும்பும் மூத்த வழக்கறிஞரை நியமிக்கும்படி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். 4-ஆம் விதி அதற்கு இடம் தருகிறது. மிரட்டல் வரும் என்று தெரிந்தால், சூடு ஆறும் முன்பே மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் பதியச் சொல்லுங்கள். பழைய சட்டத்தில் 164-ஆவது பிரிவு என்பார்கள். இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 183. குற்றவாளி விடுதலையானால் அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட குடும்பமே போகலாம். சங்கர் வழக்கில் தந்தையின் விடுதலையை எதிர்த்துக் கௌசல்யா உச்ச நீதிமன்றம் போனது அப்படித்தான். வன்கொடுமை வழக்கில் மேல்முறையீட்டுக்கு 90 நாள் கெடு. தீர்ப்பு நகலை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். முடிந்தவரை மூன்று மாதத்துக்குள் மேல்முறையீட்டை முடிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடப்பது வேறு என்பது நமக்குத் தெரியும்.

ஆணவக் கொலையைத் தடுக்க 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சில உத்தரவுகளைப் போட்டது. மிரட்டலுக்கு உள்ளாகும் தம்பதியருக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம், புகார் பெறத் தனிப் பிரிவு ஆகியவை அதில் உண்டு. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்ட பிறகு தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் மறுபடி எழுந்தது. அக்டோபரில் தமிழக அரசு ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. அந்த ஆணையத்துக்கு எழுதுகிறவர்கள், சாட்சிகளின் கூலியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தண்டனையைக் கூட்டச் சொல்லி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதியில் யாருக்காவது மிரட்டல் இருந்தால் வன்கொடுமை உதவி எண் 14566. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள் 181-ஐ அழைக்கலாம். திருமணப் பதிவுச் சான்றின் நகலையும், சேர்ந்து எடுத்த புகைப்படத்தையும் நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். புகாரை நிலையத்தில் வாங்க மறுத்தால் எழுத்துமூலமாக, பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.