வீட்டுப் பிளானில் காற்றையும் வெயிலையும் படிப்பது எப்படி?

இணுவிலில் வீடு கட்டப் போகிறவர் பிளானைக் கையில் வாங்கியதும் அறைகளை எண்ணுவார். அற்றாச் பாத்றூம் எத்தனை, போர்ட்டிக்கோவுக்குள் கார் நிற்குமா, ஹோலில் நாலு சொந்தக்காரர் வந்தால் இருக்க இடம் காணுமா என்று பார்ப்பார். எல்லாம் வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அந்தத் தாளின் ஒரு மூலையில் வடக்கைக் காட்டும் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும். பிளானை அங்கிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். அறை சிறிதென்றால் பிறகு ஒரு சுவரை இடித்துப் பெருப்பிக்கலாம். வீடு பார்த்து நிற்கும் திசையை மாற்ற ஒரு மேசனாலும் முடியாது.

இணுவில் இருக்கும் யாழ்ப்பாணக் குடாநாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், மீண்டும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் நன்றாகத் தெற்கே இறங்கியிருக்கும். ஆகவே வீட்டிலே அதிக வெயிலை வாங்குவது கூரை. அடுத்தது மேற்குச் சுவரும் கிழக்குச் சுவரும். தெற்கிலும் வடக்கிலும் விழும் வெயிலை மூன்றடித் தாழ்வாரம் பெரும்பாலும் தடுத்துவிடும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சரிந்து வரும் மேல்வெயிலுக்கு அது காணாது.

இதை இணுவில் நிலத்தில் வைத்துப் பாருங்கள். காங்கேசன்துறை வீதி ஊருக்குள் ஏறக்குறையத் தெற்கு வடக்காக ஓடுகிறது. வீதியின் கிழக்குப் பக்கக் காணியில் வீதியைப் பார்த்து வீடு கட்டினால், முன்பக்கம் முழுவதும் மேற்கு நோக்கி நிற்கும். அந்த முன்பக்கத்தில் படுக்கையறையை வைத்தால் படுக்கப் போகும் நேரத்திலும் சுவர் சுடும். அதே இடத்தில் ஆழமான விறாந்தையை வைத்து, அறைகளை அதன் பின்னால் தள்ளினால் வெயில் விறாந்தையோடு நின்றுவிடும். இரண்டு பிளானிலும் சதுர அடி ஒன்றுதான், செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது காற்று. இங்கே ஆண்டை ஆளும் காற்று இரண்டு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். மாரிகாலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள். அந்தக் கோடு வீட்டைக் குறுக்காக, மூலைக்கு மூலை வெட்டிப் போகிறது. பிளானின் மேல் பென்சிலால் அந்தக் கோட்டைக் கீறிப் பாருங்கள். தென்மேற்கு மூலையில் குசினி இருந்தால் சோளகக் காலம் முழுவதும் மீன் பொரித்த மணமும் மிளகாய் வறுத்த நெடியும் வீடு முழுக்கச் சுற்றும். வடகிழக்கு மூலையில் இருந்தால் மாரியில் அதே கதை. தென்கிழக்கு மூலையில் வைத்தால்? சோளகம் புகையைக் கிழக்குச் சுவருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். வாடை தெற்குச் சுவருக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு காற்றிலும் வீடு தப்பிவிடும். மனையடி சாத்திரம் அக்கினி மூலை என்று குறிப்பதும் தென்கிழக்கைத்தான். சாத்திரத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் இந்த ஊரில் இந்த ஒரு விடயத்தில் ஒரே முடிவுக்கு வரலாம். அந்தக் காற்றுக் கோடு தொடாத மற்ற மூலை வடமேற்கு. கழிப்பறைக்கு அது நல்ல இடம்.

இந்தக் கணக்கையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு நின்றதுதான் நாற்சார் வீடு. நடுவில் வானம் தெரிய ஒரு முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தை, விறாந்தைக்குப் பின்னால் அறைகள். பனங்கைமரத்தில் சலாகை அடித்து ஓடு போட்ட கூரை, உள்ளுக்கு ஒரு சரிவும் வெளிக்கு ஒரு சரிவுமாக இறங்கும். முற்றத்தைச் சும்மா வெளிச்சத்துக்கு விட்ட இடம் என்று நினைப்பது தவறு. இரவில் தெளிந்த வானத்தை நோக்கிக் கூரை ஓடும் முற்றத்துத் தரையும் தங்கள் சூட்டை விட்டுவிடும். அவற்றைத் தொட்ட காற்று குளிர்ந்து பாரமாகி, முற்றத்துக்குள் இறங்கி, விறாந்தை வழியாக அறைகளுக்குள் பரவும். பகல் ஏறினதும் முற்றத்துக் காற்று சூடாகி மேலெழும். அது விட்ட இடத்தை நிரப்ப அறைக்குள் இருக்கும் காற்று முற்றத்துக்கு வரும், அறைக்குள் வெளி யன்னலால் புதுக்காற்று வரும். ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்கம் ஒரு யன்னல், முற்றத்துப் பக்கம் ஒரு கதவு என்பதால் காற்றுக்கு நுழைவும் உண்டு, போக்கும் உண்டு. காற்றாடி இல்லாத காலத்தில் மின்சாரமின்றி வேலை செய்த இயந்திரம் இது. ஓர் அளவு மட்டும் முக்கியம்: முற்றம் சுற்றுக் கூரையின் உயரத்தைவிட மிகவும் அகன்றுபோனால் உச்சிவெயில் உள்ளே கொட்டி, அதுவே சூளையாகிவிடும்.

செத்தல் காயவிட்டதும் நெல் பரப்பியதும் அந்த முற்றத்தில்தான். கல்யாண வீடும் செத்த வீடும் நடந்ததும் அங்கேதான். வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் முற்றத்தில் யார் நடக்கிறார் என்று ஆச்சிக்குத் தெரியும்.

இத்தனை நன்மை இருந்தும் நாற்சார் வீடுகள் ஏன் குறைந்தன? நாகரிக மோகம் என்று ஒரு சொல்லில் முடிப்பது நியாயமில்லை. முதலாவது காரணம் காணி. 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டப்படி பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் போகும். தலைமுறைக்குத் தலைமுறை வளவு துண்டாகி, கிணறு பங்குக் கிணறாகி, ஒழுங்கை பொது வழியாகியது. இரண்டு பரப்புத் துண்டில் நாலு பக்கமும் கட்டி நடுவை வெறுமையாக விட மனம் வராது. இரண்டாவது, அந்தப் பிளானின் உண்மையான குறைகள். ஆழ்ந்த விறாந்தை உள்ளறையை இருட்டாக்கும். குளியலும் கழிப்பறையும் கோடிக்குள், கிணற்றடிக்கு அப்பால். மாரி இரவில் முழங்கால் நோவுள்ள ஒரு முதியவர் படியிறங்கி, ஈர முற்றத்தைக் கடந்து போவதை நினைத்துப் பாருங்கள். உட்கூரைகள் சந்திக்கும் மூலைகளில் பீலி அடைத்தால் ஒழுக்கு, தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டில் நாலு பக்கம் கூட்டித் துடைப்பது இலேசான வேலையா? கதவுகள் கூடினால் பூட்டுகளும் கூடும், பயமும் கூடும்.

புதுப் பிளான் இந்தக் குறைகளைத் தீர்த்தது. எல்லாம் ஒரே கூரைக்குள், ஒரே மட்டத் தரையில். வயது போனவருக்கு அற்றாச் பாத்றூம் பெரிய வரம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக நாம் விட்டுக்கொடுத்ததைப் பார்க்க, 30 அடிக்கு 36 அடியில் வரும் வழக்கமான மூன்று அறை வீட்டை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஹோல், இடப்பக்கம் மூன்று அறை வரிசையாக, வலப்பக்கம் சாப்பாட்டு அறையும் குசினியும். மூலையறைகள் இரண்டுக்கும் இரு சுவரில் யன்னல் வைக்கலாம். நடு அறைக்கு ஒரே சுவர்தான் வெளியே. கதவைச் சாத்தினால் உள்ளே வரும் காற்றுக்குப் போக வழியில்லை. ஹோலுக்கு முன்வாசலும் பின்வாசலும் தவிர வெளிச்சம் வர வழியில்லை, பட்டப்பகலில் லைற் எரியும். அந்த நடு அறைக்குத்தான் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பு மேசை போகிறது.

கூரை இன்னொரு சிக்கல். 'பிறகு மேல்வீடு எடுக்கலாம்' என்று பலர் பிளேற் போட்டு விடுகிறார்கள். ஐந்து அங்குலக் கொங்கிறீற் பிளேற் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். பகல் முழுக்க அது வெயிலைக் குடித்துவிட்டுச் சில மணி நேரம் பிந்தி, நாம் படுக்கும் வேளையில், கீழ்ப்பக்கத்தால் சூட்டை விடும். ஓடு மெல்லியது, இடுக்குகளால் காற்றும் போகும், பொழுது பட்ட கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். மேல்வீடு நிச்சயம் என்றால் பிளேற் சரி. பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமென்றால் அந்தப் பத்து வருடமும் சூட்டில் படுக்க வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வாங்குகிற நம்மவர்களுக்கும் இதே கணக்குத்தான், ஒரு கண்டிப்போடு: அங்கே வாங்கிய பின் ஒரு யன்னலைக்கூடக் கூட்ட முடியாது. கடலைப் பார்த்த வீட்டுக்குச் சோளகக் காற்றும் உண்டு, பின்னேர மேல்வெயிலும் உண்டு, உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் யன்னல் உள்ள வீட்டில் காற்று நன்றாக நுழையும் ஆழம், கட்டடக் கலைஞர்கள் கைக்கணக்காகச் சொல்வதுபோல், உட்கூரை உயரத்தின் இரண்டரை மடங்கு. பத்தடி உயரமென்றால் 25 அடி. அதற்கு அப்பால் குசினி இருந்தால் புகைபோக்கி விசிறியை நம்பித்தான் சமைக்க வேண்டும். யன்னல் என்று பிளானில் காட்டியிருப்பது வெளியைப் பார்க்கிறதா, மற்ற வீடுகளின் கழிப்பறைகளும் திறக்கும் காற்றுக் குழியைப் பார்க்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள்.

சின்னக் காணிக்கு முற்றம் ஒத்துவராது என்பது முடிந்த முடிவல்ல. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960–62 இல் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு நெருக்கமான நகரக் காணியில் இருந்தது. சுற்றி மதிலை எழுப்பி, உள்ளே முற்றங்களைத் திறந்து, அறைகளை அவற்றைப் பார்க்க வைத்தார். அந்தக் காணி கைமாறியபோது வீட்டை இடித்துவிட மனமில்லாமல் கழற்றி, பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் திரும்பக் கட்டினார்கள். இணுவிலின் இரண்டு பரப்புக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மேலே சொன்ன 30 அடிக்கு 36 அடி வீட்டில் ஹோலுக்கும் நடு அறைக்கும் இடையே எட்டடிக்கு எட்டடி திறந்த முற்றம் ஒன்றை விட்டால் போகும் இடம் 64 சதுர அடி, மொத்தத்தில் ஆறு வீதம். நடு அறைக்கு இரண்டாவது யன்னல் கிடைக்கும், ஹோலுக்கு வெளிச்சம் கிடைக்கும். மேலே கம்பி வலை போட்டால் பயமும் இல்லை. தண்ணீர் ஓட ஒரு குழாயும், கிழமைக்கு ஒருமுறை துப்புரவும் கட்டாயம்.

பிளானில் வீட்டுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தையும் படிக்க வேண்டும். நம் காலுக்குக் கீழே செம்மண்ணும் அதன் கீழ் வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக் கல்லும். மலக்குழியிலிருந்து கசிவது அந்த வெடிப்புகளால் விரைவாகக் கிணற்றை அடையும். உங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது, வேலிக்கு அப்பால் பக்கத்து வளவுக் கிணறு எங்கே என்றும் குறியுங்கள். மழைநீரையும் கணக்கில் எடுங்கள்: ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெறும் ஊரில் 150 சதுர மீற்றர் கூரை ஒன்றே 1,80,000 லீற்றரை வாங்குகிறது. வளவு முழுக்கக் கல் பதித்துவிட்டால் அது ஒழுங்கைக்கு ஓடிவிடும். கோடைக்குக் கிணறு கேட்கும் தண்ணீர் அதுதான்.

என் முடிவு இது: பழைய நாற்சார் வீட்டை அப்படியே திரும்பக் கட்டத் தேவையில்லை, பெட்டிப் பிளானை அப்படியே வாங்கவும் கூடாது. அற்றாச் பாத்றூமை வைத்துக்கொள்ளுங்கள், சின்ன முற்றத்தையும் மேற்கில் விறாந்தையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். பிளானைப் பிரதேச சபைக்குக் கொடுக்க முன்னர், கீறியவரைக் கூப்பிட்டு சோளகம் எந்த யன்னலால் வந்து எந்த யன்னலால் போகிறது என்று ஒவ்வோர் அறையிலும் பென்சிலால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோடு போட முடியாத அறை இருந்தால், தாளில் இருக்கும்போதே அதை மாற்றிவிடுங்கள்.