ரேஷன் அட்டையில் ஒரு குடும்பம்

ஒரே பாலினத்தவர் திருமணம்: நீதிமன்றம் கையை விரித்துவிட்டது, நாடாளுமன்றம் வாய் திறக்கவில்லை

ரேஷன் கடைக்குத் தெரிந்த ஓர் உறவு திருமணப் பதிவாளருக்குத் தெரியவில்லை. சேர்ந்து வாழும் இரு ஆண்களையோ இரு பெண்களையோ ரேஷன் அட்டைக்காக ஒரே குடும்பமாகக் கருதவேண்டும் என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதிய விவரத்தை அரசு 2024 செப்டம்பரில் வெளியிட்டது. இவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையேதும் இல்லை என்று நிதியமைச்சகம் அதற்குச் சில நாட்கள் முன்புதான் தெளிவுபடுத்தியிருந்தது. ஆக, அரிசி, கோதுமை, வங்கிக் கணக்கு வரை அவர்கள் ஒரு குடும்பம். அதற்கு மேல் ஒருவருக்கொருவர் அந்நியர்கள்.

2023இல் நாடே உற்றுக் கவனித்த ஒரு வழக்கின் மிச்சம் இதுதான். ஹைதராபாதைச் சேர்ந்த இரு ஆண்கள் 2021 டிசம்பரில் உற்றார் உறவினரைக் கூட்டி விழா நடத்தித் தங்களைத் தம்பதியாக அறிவித்துக்கொண்டார்கள். சட்டத்தின் பார்வையில் அது நல்லதொரு விருந்து, அவ்வளவே. மறு ஆண்டு நவம்பரில் அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பின்னாலேயே வேறு பலரின் மனுக்களும் வந்து சேர்ந்தன. சாதி, மதம் பார்க்காமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழிசெய்யும் 1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் கணவன், மனைவி என்று வரும் இடங்களை 'வாழ்க்கைத் துணை' என்று படிக்கவேண்டும் என்பதே கோரிக்கையின் சாரம். (தமிழில் இந்தச் சொல்லுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது. 'அவர்' என்பதற்கும் கிடையாது. சட்டத்தை எழுதியவர்கள் ஆங்கிலத்தில் யோசித்தார்கள்.)

ஏப்ரல் 18 தொடங்கி 10 நாட்கள் வாதம் நடந்தது. அக்டோபர் 17 அன்று தீர்ப்பு. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் இணைந்து வாழும் உறவுக்கு அரசு அங்கீகாரம் தரவேண்டும், இவர்கள் கூட்டாகக் குழந்தையைத் தத்தெடுக்கவும் அனுமதிக்கவேண்டும் என்றார்கள் தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கவுலும். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோஹ்லி, நரசிம்மா மூவரும் அதை ஏற்கவில்லை. 3க்கு 2. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் ஆசை என்று மத்திய அரசு வாதாடியது. போபாலை மறந்துவிட்டுச் சொன்ன வாதம் அது. 1987 டிசம்பரில் அங்கே மாலை மாற்றிக்கொண்டு மணமுடித்த இரு பெண்களும் மத்தியப் பிரதேச ஆயுதப் படையில் சாதாரணக் காவலர்கள். விஷயம் வெளியே வந்ததும் இருவருக்கும் வேலை போயிற்று. அவர்களை மேட்டுக்குடி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

நீதிபதி பட் சொன்ன காரணத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. திருமணச் சட்டத்தில் மனைவிக்கென்றே சில பாதுகாப்புகள் இருக்கின்றன. ஜீவனாம்சம் கேட்கும் உரிமை, விவாகரத்துக்கான கூடுதல் காரணங்கள் போன்றவை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயது வரம்பும் இருக்கிறது. சொல்லை மாற்றிப் படித்தால் இவையெல்லாம் குழம்பும். எளிய நிலையிலுள்ள பெண்கள் பாதிக்கப்படலாம். சட்டத்தைத் திருத்தி எழுதுவது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்றார். சரி. ஆனால் அது யாருடைய வேலையோ அவர்களுக்கு இது ஒரு தடையே அல்ல. பிரிவு பிரிவாக உட்கார்ந்து திருத்துவதற்குத்தான் நாடாளுமன்றம் இருக்கிறது.

2022 ஏப்ரலில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2024இல் அந்த மக்களவையோடு அதுவும் காலாவதியாயிற்று. அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைக்கப்படும் என்று அரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் குழு வந்தது. ரேஷன் அட்டையும் கூட்டுக் கணக்கும் அதன் தொடர்ச்சி.

எது வரவில்லை? உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் 20 வருடம் கூட வாழ்ந்தவருக்குச் சொத்தில் சல்லிக்காசு உரிமையில்லை. எட்டிப்பார்க்காத அண்ணன் வாரிசாகலாம். வருங்கால வைப்பு நிதியில் குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரைத்தான் நியமனதாரராக்க முடியும். அங்கே குடும்பம் என்பதன் வரையறைக்குள் இவர்கள் வருவதில்லை. தனியாளாக ஒருவர் குழந்தையைத் தத்தெடுக்கலாம். அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கி வளர்க்கும் மற்றவர் சட்டப்படி யாருமில்லை. தத்தெடுத்தவர் போய்விட்டால் குழந்தையின் கதி?

இவற்றையெல்லாம் விட முதலில் வருவது பிறந்த வீடு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஓர் ஆட்கொணர்வு மனு இதைக் காட்டுகிறது. வேலூர் மாவட்டத்தில் 25 வயதுப் பெண் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோர் அடைத்துவைத்திருந்தார்கள். அடித்ததாகவும், மகளை 'மாற்ற' சடங்குகள் செய்ததாகவும் அவரே நீதிபதிகளிடம் சொன்னார். போலீஸ் அவரைப் பெற்றோருடன் போகும்படி கட்டாயப்படுத்தியிருந்தது. மனுச் செய்தவர் அவருடைய துணைவி. ஆனால் மனுவில் தன்னை 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். கணவனாக இருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். இவருக்கு அந்தச் சொல் இல்லை. இருப்பதைச் சொல்லவும் தயக்கம்.

நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டார்கள். அந்தப் பெண் தன் விருப்பப்படி போகலாம் என்று உத்தரவிட்டதோடு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றும் எழுதினார்கள். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிட மாட்டார்கள் என்று, தன் மகனுக்காக வெளிப்படையாகப் பேசிய மறைந்த நீதிபதியை நினைவுகூர்ந்தார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் அவரவர் ஊர்க் காவல் நிலையத்தில் நள்ளிரவில் எடுத்துக் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். தீர்ப்பு நகலோடு யார் அலைவார்கள்?

தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1920களின் இறுதியிலிருந்து ஐயர் இல்லாமல், தீ வளர்க்காமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டம் திருமணமாக ஏற்கவில்லை. அவை செல்லாது என்றே 1953இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. ஊரறிய வாழ்ந்த தம்பதிகள் சட்டத்தில் தம்பதிகள் அல்ல. பிள்ளைகளின் சொத்துரிமை கேள்விக்குறி. அப்போதும் நீதிமன்றம் இருக்கும் சட்டத்தைத்தான் படித்தது. 1967இல் அண்ணாதுரை அரசு சட்டமன்றத்தில் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, அதுவரை நடந்திருந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 1968 ஜனவரியில் கிடைத்தது. திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்தாலும் அது முடிந்தது.

சடங்கை விடுவது வேறு, ஆண்-பெண் என்ற அடிப்படையையே மாற்றுவது வேறு என்பார்கள். வேறுதான். ஆனால் அந்த அடிப்படையும் அசையாமல் இல்லை. தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவுசெய்ய அதிகாரிகள் மறுத்தபோது, 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019இல் மதுரைக் கிளையில் தீர்ப்பளித்தார் இதே சுவாமிநாதன். அப்படி மணக்கும் உரிமையை 2023இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஏற்றார்கள். நேபாளத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையை வைத்து 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. தைவான் 2019இலும் தாய்லாந்து 2025 ஜனவரியிலும் சட்டமே கொண்டுவந்துவிட்டன.

இங்கோ சண்டை சில்லறை சில்லறையாக நடக்கிறது. கணவன் மனைவிக்குத் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. இவர்களில் ஒருவர் மற்றவருக்கு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அது வாங்கியவரின் வருமானம். இது பாரபட்சம் என்று ஓர் ஆண் ஜோடி மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அரசுத் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியது.